பழையனூர்ப் பிணையும் ஆற்காட்டுக் கடனும்

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரைத் தமிழ் படித்தவர்கள் இரண்டு காரணங்களால் அறிந்திருப்பார்கள். ஒன்று, 1905-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள். முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக அளித்த செய்தியை அந்த 31 ஏடுகள் தாங்கியிருக்கின்றன. மற்றொன்று, நீலி கதை.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். முற்பிறவிப் பகையைத் தீர்க்கவந்த நீலி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று சொல்லிப் பழையனூர் வேளாளர் எழுபதின்மரிடம் முறையிடுகிறாள். அவள் பேய் என்று வணிகன் அலறுகிறான். குழந்தையோ அவனை அப்பா என்று அழைக்கிறது. நீலியின் சொல்லை நம்பிய வேளாளர்கள், 'இவளோடு இன்றிரவு தங்கு. உன் உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்' என்று பிணை கொடுக்கிறார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் தீ வளர்த்து அதில் இறங்குகிறார்கள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இந்த வஞ்சத்தைக் குறிப்பாகச் சுட்டுகிறது. பிற்காலத்தில் உமாபதி சிவாசாரியாரும் எழுபதின்மரின் செயலைப் போற்றுகிறார்.

இக்கதையை வேளாளர் வாய்மைக்குச் சான்றாகக் கொள்வது நம் மரபு. அதனுள் ஒரு நடைமுறை நீதியும் இருக்கிறது. பொய்யான ஒரு தரப்புக்காகப் பிணை நின்றவன், தீங்கு நேர்ந்தபோது அதற்கான விலையைத் தானே கொடுக்கவேண்டும். ஏமாந்துபோனேன் என்பது அங்கே சாக்காகாது.

இதே நிலப்பரப்பில் பதினெட்டாம் நூற்றாண்டில் மற்றொரு பிணை கொடுக்கப்பட்டது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்குக் கொடுத்த படைப்பிணை அது. அரை நூற்றாண்டுக்காலம், நவாபின் ஆட்சியைக் காப்பதற்காகவும், அவர் கேட்ட வரியை வசூலிப்பதற்காகவும், அவர் விரும்பிய அண்டை அரசுகளை அடக்குவதற்காகவும் கம்பெனியின் படைகள் தமிழகமெங்கும் சென்றன. அந்தப் பிணையில் தீக்குள் இறங்கியவர்கள் யார் என்பதே இக்கட்டுரை கேட்கும் கேள்வி.

*

நவாபைக் கம்பெனியின் பொம்மை என்று நம் பாடநூல்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. அன்றைய சட்டநிலை அப்படி இல்லை. கம்பெனியின் பார்வையில் அவர் ஓர் அயல் அரசர், நட்பரசர். 1770-இல் இங்கிலாந்து மன்னர் சர் ஜான் லிண்ட்சே என்பவரை நவாபின் அவைக்குத் தம் நேரடித் தூதராகவே அனுப்பினார். சென்னைக் கவுன்சிலுக்கு அது பெரும் எரிச்சலை ஊட்டியது. எனவே இதை ஒரு வணிக நிறுவனம் தன் ஊழியரை நடத்திய கதையாக எண்ணாமல், ஒரு வல்லரசு மற்றோர் அரசை ஆயுதத்தால் தாங்கிநின்ற கதையாகவே படிக்கவேண்டும்.

தொடக்கம் 1749. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிப்பை ஆதரித்தனர். அன்வருதீனின் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒதுங்கினார். ஆங்கிலேயர் அவர் பக்கம் நின்றனர். 1751-இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததும், அடுத்த ஆண்டு சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டதும், 1760-இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றதும் அனைவரும் அறிந்தவை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்கள், இந்த வாரிசுப் போரின் முற்பகுதியைப் புதுச்சேரியின் திண்ணையிலிருந்து பார்த்திருப்பார்கள். 1763-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாப் என ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டின் அரசர் யார் என்பதை ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கை முடிவுசெய்தது.

இவ்வளவு போருக்கும் செலவு யாருடையது? உதவி பெற்றவருடையது என்றது கம்பெனி. படையின் சம்பளம், வெடிமருந்து, முற்றுகைச் செலவு அனைத்தும் நவாபின் கணக்கில் எழுதப்பட்டன. அதற்கு ஈடாக 1763-இல் செங்கல்பட்டு ஜாகீரை நவாப் கம்பெனிக்கு வழங்கினார். இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களோடு திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் அதில் அடக்கம். கம்பெனி அதைப் பெற்றுக்கொண்டு நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை அந்தக் குத்தகை தொடர்ந்தது. நிலம் கம்பெனியுடையது, வசூல் நவாபின் குத்தகைதாரருடையது. உழுதவனுக்கு இரண்டு எசமானர்கள். முறையிட ஒருவரும் இல்லை.

*

கம்பெனிக்கான பாக்கியைத் தீர்க்க நவாபுக்குப் பணம் வேண்டும். சென்னையில் கடன்கொடுக்கக் கையில் பணத்தோடு இருந்தவர்கள் யார்? கம்பெனியின் ஊழியர்களே. கவுன்சில் உறுப்பினர்கள், எழுத்தர்கள், படையதிகாரிகள், அவர்களுடைய துபாஷிகள், சவுக்கார்கள் அனைவரும் நவாபுக்குக் கடன் கொடுத்தனர். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 20 முதல் 36 வரை இருந்தது. 1768 வாக்கில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு நவாப் கடன்காரர்களின் அண்டைவீட்டுக்காரராகவே ஆகிவிட்டார்.

கடனுக்கு ஈடாக வைக்க நவாபிடம் இருந்தது ஒன்றுதான்; இனி விளையப்போகும் நெல். ஒரு சீமையின் வருவாயைக் குறிப்பிட்ட கடன்காரருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரத்தைத் 'தன்கா' என்றனர். நவாபின் அமில்தாரர் தன்காவுக்கு உரிய தொகையை எப்படியேனும் திரட்டியாகவேண்டும். திரட்ட முடியாதபோது அவரும் கடன் வாங்குவார். அந்த வட்டியும் களத்துமேட்டு நெல்லின்மேல் ஏறும். தன் ஊரில் நெல் அளக்கவந்தவன் பின்னால் கோட்டையில் இருக்கும் ஓர் ஆங்கிலேயனின் முதலீடு நின்றது என்பது குடியானவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன அறிவுரையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அறுத்த நெல்லைக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறுநிலமும் யானைக்குப் பலநாள் உணவாகும். யானை தானே வயலில் இறங்கினால் வாயில் புகுவதைவிடக் காலில் மிதிபடுவதே மிகுதி. புறநானூற்றுப் புலவர் அரசனிடம் அதைச் சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாடு பாழானால் அந்த அரசனும் பாழாவான். குடிகளின் பொறுமையே அவன் ஆட்சியின் எல்லை. முகம்மது அலிக்கு அந்த எல்லை இல்லாமல் போயிற்று. குடிகள் கிளர்ந்தாலும், பாளையக்காரர் திறை மறுத்தாலும், வாடகைக்குப் படை கிடைக்கும். படையின் வாடகைக்குக் கடன் கிடைக்கும். கடனுக்கு மேலும் ஒரு சீமை ஈடாகும். அயல்படை ஓர் ஊழல் ஆட்சியைக் காப்பாற்றுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆற்காட்டில் நடந்தது அதற்கும் மேலானது. அயல்படையின் வருகையே அந்த ஆட்சியை ஊழலாக வளர்த்தது.

'குதிரைப்படைக் கடன்' என்று பெயர்பெற்ற ஒன்றைச் சான்றாகக் காட்டலாம். நவாபின் குதிரைப்படையில் ஒரு பகுதியைக் கலைக்கும்படி கம்பெனி வலியுறுத்தியது. கலைக்கவேண்டுமானால் சம்பளப் பாக்கியைத் தீர்க்கவேண்டும். கம்பெனியோடு தொடர்புடைய மூன்று ஆங்கிலேயர் அதற்காக 1,60,000 பவுண்டு கடன் தருவதாக முன்வந்தனர்; வருவாய்ப் பத்திரங்களைக் கையோடு வாங்கிக்கொண்டனர். குதிரைவீரர்களுக்கோ நான்கு மாதத்தில் தருவதாகச் சொன்ன பணம் இரண்டு ஆண்டுகள் கடந்தும் முழுதாக வந்து சேரவில்லை. இடைப்பட்ட காலத்தில் சீமைகளில் வசூல் நடந்துகொண்டிருந்தது. சம்பளம் கேட்டு வீரர்கள் கலகம் செய்துகொண்டிருந்தனர். கொடுக்காத கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

*

இவ்வாறு கடனும் படையும் ஒன்றையொன்று வளர்த்தபோது, போர்களின் நோக்கமும் மாறியது. முதலில் நவாபைக் காப்பதற்காகப் படை சென்றது. பிறகு நவாப் கடனைத் திருப்பித்தர வழிசெய்வதற்காகப் படை சென்றது.

மதுரையையும் திருநெல்வேலியையும் குத்தகைக்கு எடுத்து ஆண்ட யூசுப் கான், கம்பெனியே வளர்த்த தளபதி. நவாபுக்குக் கட்டுப்பட மறுத்ததால் நீண்ட முற்றுகைக்குப் பின் பிடிக்கப்பட்டு 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1772-இல் இராமநாதபுரமும் சிவகங்கையும் தாக்கப்பட்டன; காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார்; வேலு நாச்சியார் நாட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தது. 1773-இல் தஞ்சாவூர். திறைப்பாக்கியைக் காரணம் காட்டி நவாப் கேட்க, ஜெனரல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கம்பெனியின் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்து நவாபிடம் கொடுத்தது. மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார்.

காவிரிப் படுகையின் விளைச்சல் புதிய ஈடாகக் கிடைத்துவிட்டது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் இந்தப் படையெடுப்பை ஏற்காமல், தஞ்சையைத் துளஜாஜிக்கே திருப்பித்தர ஆணையிட்டனர். அதை நிறைவேற்ற வந்த ஆளுநர் பிகாட் பிரபு 1776 ஏப்ரலில் துளஜாஜியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அப்போதுதான் பால் பென்ஃபீல்டு என்னும் இளநிலை ஊழியர் முன்வந்தார். தஞ்சையின் வருவாய்மேல் நவாப் தமக்கு எழுதிக்கொடுத்தது 1,62,000 பவுண்டு என்றும், அங்குள்ள குடிகளுக்கு விளைச்சலை நம்பித் தாம் கொடுத்தது 72,000 பவுண்டு என்றும் உரிமை கோரினார். அவருடைய ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுண்டுகள்தாம். பிகாட் கோரிக்கையை ஏற்கவில்லை. கவுன்சிலின் பெரும்பான்மையினர் பென்ஃபீல்டின் பக்கம் சாய்ந்தனர். 1776 ஆகஸ்டு 24 அன்று சென்னையின் ஆளுநரைச் சென்னையின் படையதிகாரிகளே கைதுசெய்தனர். அடுத்த ஆண்டு மே மாதம் பிகாட் காவலிலேயே இறந்தார்.

பிகாட் தூயவர் என்று சொல்லவரவில்லை. முதல்முறை ஆளுநராக இருந்து பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பியவர்தான் அவரும். கவனிக்கவேண்டியது வேறு. ஊழல் ஆட்சியைத் தாங்கிநிற்கப் போன அரசு, அந்த ஊழலின் பங்குதாரர்களாலேயே கவிழ்க்கப்பட்டது. சேப்பாக்கத்தைக் கோட்டை ஆண்டது என்பது பாதி உண்மை. கோட்டையைச் சேப்பாக்கத்தின் கடன்பத்திரங்கள் ஆண்டன என்பது மறுபாதி.

*

தீ நம் பக்கத்து ஊர்களை எட்டியது 1780-இல். அவ்வாண்டு ஜூலையில் ஐதர் அலி 80,000-க்கும் மேற்பட்ட படையோடு செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகத்தில் இறங்கினார். நவாபின் கோட்டைகள் பல, அவற்றைக் காக்கவேண்டிய கில்லேதாரர்களாலேயே ஒப்படைக்கப்பட்டன. ஊதியம் பெறாத காவலர்களிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்?

குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் பெய்லி ஒரு படையோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். தளபதி ஹெக்டர் மன்றோவின் பெரும்படையோடு காஞ்சிபுரத்தில் சேரவேண்டும் என்பது திட்டம். (தமிழகம் நன்றியோடு நினைக்கும் தாமஸ் மன்றோ வேறொருவர்; அப்போது அவர் இதே படையில் இளம் பயிற்சி வீரர்.) கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆகஸ்டு 25 அன்று பெய்லி கொசத்தலையாற்றின் வடகரையை அடைந்தார். அன்றே ஆற்றைக் கடக்காமல் கரையில் தங்கினார். இரவோடு இரவாக வெள்ளம் வந்தது. செப்டம்பர் தொடக்கம்வரை அவரால் கடக்க இயலவில்லை. கடந்தபின் செப்டம்பர் 6 அன்று, திருவாலங்காட்டுக்குத் தெற்கே சில மைல் தொலைவில் உள்ள பேரம்பாக்கத்தில் திப்புவின் குதிரைப்படை அவரைத் தாக்கியது. மன்றோ அங்கிருந்து ஒருநாள் நடைத்தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்தார். அவர் ஓர் உதவிப்படையை அனுப்பினாரேயன்றித் தாம் நகரவில்லை.

ஏன் நகரவில்லை என்பதில்தான் நம் பொருள் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அவர் சேர்த்துவைத்திருந்த சொற்ப அரிசியை விட்டுவிட்டுப் போனால் படை பட்டினி கிடக்கும் என்று அஞ்சினார். உணவு திரட்டித் தருவதாகச் சொல்லியிருந்தவர் நவாப். நவாபின் பிரதிநிதியைக் கேட்டபோது, தளபதியுடன் இருக்கத்தான் தமக்கு ஆணை, உணவு திரட்டவோ உளவு சொல்லவோ ஆணை இல்லை என்று அவர் கைவிரித்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஊரார் ஆங்கிலப் படைக்கு ஒரு செய்தியும் சொல்லவில்லை. ஐதருக்கோ ஒவ்வொரு அசைவும் தெரிந்திருந்தது. முப்பதாண்டுக்காலம் யாருடைய ஆட்சியைக் காப்பதற்காகப் படை நின்றதோ, அந்த ஆட்சியின் குடிகளில் ஒருவரும் படைக்கு வழிகாட்ட முன்வரவில்லை.

செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படையில் ஐரோப்பியர் சிறுபான்மையினரே. இறந்தவர்களில் மிகப் பலர் தென்னாட்டுச் சிப்பாய்கள். பெய்லி சீரங்கப்பட்டணச் சிறையில் 1782-இல் இறந்தார். மன்றோ தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். நவம்பரில் ஆற்காடே வீழ்ந்தது.

புள்ளலூர் வெற்றியைத் திப்பு சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் ஓவியமாக்கினார். நாமும் அதை ஆங்கிலேயருக்கு எதிரான வீரவரலாறாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஓவியத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் பேசவேண்டும். ஆங்கிலப் படைக்கு ஒரு மணி நெல்லும் கிடைக்கக்கூடாது என்பதற்காக, பழவேற்காடு ஏரியிலிருந்து புதுச்சேரிவரை கடற்கரையை ஒட்டிய ஒரு பெரும் பட்டையை ஐதரின் குதிரைப்படை எரித்தது. ஊர்கள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் ஓட்டிச்செல்லப்பட்டன, மக்கள் மலைப்பக்கம் துரத்தப்பட்டனர். 1781-இல் அயர் கூட் படையோடு களமிறங்கினார். ஆகஸ்டு 22 அன்று திருப்பாச்சூர்க் கோட்டை, 27 அன்று மீண்டும் புள்ளலூர், செப்டம்பர் 27 அன்று சோளிங்கர் என்று திருவாலங்காட்டைச் சுற்றியே போர் நிகழ்ந்தது. வென்ற படைக்கும் சோறில்லை. தானியம் தேடிக் கார்வேட்டிநகரப் பாளையத்துக்குள் நுழைந்தது. இரு படைகளும் மாறிமாறித் தின்ற நிலத்தில் எஞ்சியது பஞ்சம். 1782-83-இல் சென்னையின் தெருக்களில் மக்கள் பசியால் மடிந்தனர். பத்தாண்டுக்குமேல் கடந்தபின் ஜாகீரின் கலெக்டராக வந்த லயனல் பிளேசு, பல இடங்களில் மனிதர் வாழ்ந்ததற்கு எலும்புகளும் எரிந்த சுவர்களுமே சாட்சியாக இருந்தன என்று தம் அறிக்கையில் பதிவுசெய்தார்.

யூசுப் கானைப் பாடும் 'கான்சாகிபு சண்டை' நம்மிடம் இருக்கிறது, நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பாடல் உண்டு. செஞ்சிக்குத் தேசிங்கு கதை உண்டு. போர்களைப் பாடிய நம் வாய்மொழி மரபில், அந்தப் போர்களைக் கட்டாயமாக்கிய தன்காப் பத்திரத்தைப் பாடிய ஒன்றை நான் படித்ததில்லை. கடனுக்கு முகம் இல்லை. அதனால் அதற்குப் பாட்டும் இல்லை போலும்.

*

இந்த அழிவுக்குப் பின்னராவது கணக்கு திருத்தப்பட்டதா? ஆளுநர் மெகார்ட்னி பிரபு முயன்றார். 1781 டிசம்பரில் கர்நாடக வருவாயை ஐந்தாண்டுக்குக் கம்பெனியிடம் ஒப்படைக்க நவாப் உடன்பட்டார். ஆறில் ஒரு பங்கு அவருக்கு. வருவாய் கடன்காரர்களின் கைக்குப் போகாமல் போருக்கும் நிர்வாகத்துக்கும் செல்லவேண்டும் என்பது நோக்கம். கடன்காரர்கள் இதைப் பொறுக்கவில்லை. அவர்களுள் பலர் அதற்குள் லண்டனில் இருந்தனர். பென்ஃபீல்டு 1780-இலேயே நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்டார். 1784-இல் ஹென்றி டண்டாஸ் வழிநடத்திய கட்டுப்பாட்டு வாரியம், எந்தக் கடன் உண்மை, எது பொய் என்று விசாரிக்காமலேயே அனைத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்கு 4,80,000 பவுண்டு, அதாவது 12 லட்சம் வராகன், கர்நாடக வருவாயிலிருந்து கடன்களைத் தீர்க்க ஒதுக்கப்பட்டது. வருவாய் நிர்வாகம் நவாபிடமே திரும்பியது. மெகார்ட்னி 1785-இல் ஊர் திரும்பினார்.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய ஆற்காட்டுக் கடன் பற்றிய உரை இதை எதிர்த்தே எழுந்தது. பர்க்கின் உறவினர் எனப்பட்ட வில்லியம் பர்க் தஞ்சை மன்னரின் முகவராக இருந்தவர் என்பதை மறக்காமல்தான் அவ்வுரையைப் படிக்கவேண்டும். ஆயினும் அவர் சுட்டிய இடம் மிகச் சரியானது. கடன் கொடுத்தவரும், கடனை விசாரிக்கவேண்டியவரும், கடனை வசூலிக்கப் படை அனுப்பியவரும் ஒரே கூட்டத்தார் என்றார். தீர்மானம் தோற்றது.

முகம்மது அலி 1795-இல் இறந்தார். அவர் மகன் இறந்த 1801 ஜூலையிலேயே, சீரங்கப்பட்டணத்தில் கிடைத்த சில கடிதங்களைக் காட்டி, நவாப் குடும்பம் திப்புவோடு கள்ள உறவு வைத்திருந்தது என்று சொல்லிக் கம்பெனி கர்நாடகத்தைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது. காக்க வந்தவர்களே நாட்டை எடுத்துக்கொண்டனர். பின்னர்க் கடன்களை விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அது பணியாற்றியது. அதன்முன் வைக்கப்பட்ட கோரிக்கைகளின் மொத்தம் 3 கோடி பவுண்டுக்கு மேல். செல்லுபடியாகும் என ஏற்கப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சியவை போலி, இரட்டிப்பு, சான்றில்லாதவை. முன்னர் விசாரணையின்றி ஏற்கப்பட்டுத் தீர்க்கப்பட்ட கடன்களில் எவ்வளவு இத்தகையதாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

*

நவாபின் தரப்பில் சொல்ல ஒன்று உண்டு. எல்லாப் போருக்கும் அவரே செலவு கொடுத்தார். எந்தப் போரையும் நடத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. பிணை கொடுத்தவனே வட்டிக்காரனாகவும் இருந்தால், பிணையிலிருந்து மீள்வது எந்த அரசருக்கும் எளிதல்ல. கம்பெனியின் தரப்பிலும் ஒன்று சொல்லப்பட்டது. முகம்மது அலியைக் கைவிட்டிருந்தால் அந்த இடத்தில் பிரெஞ்சுக்காரரோ ஐதரோ இருந்திருப்பார்கள் என்பது அது. எதிரியின் பெயரைச் சொல்லி நண்பனின் குற்றத்தை மறைக்கும் இந்த வாதம் அன்றோடு முடியவில்லை. தென்வியட்நாமில் கோ டின் டியம் ஆட்சியை அமெரிக்கா தாங்கியபோதும் இதுவே சொல்லப்பட்டது. ஆப்கானிஸ்தானில் 2001 முதல் இருபதாண்டுகளும் இதுவே சொல்லப்பட்டது. அங்கே காபூல் வங்கியின் பணம் ஆட்சிக்கு நெருக்கமானவர்களுக்குக் கடனாகப் போய் 2010-இல் வங்கி சரிந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்த படைவீரர்களைப் பற்றி அமெரிக்கத் தணிக்கையாளர்களே எழுதினர். 2021 ஆகஸ்டில் மாகாணத் தலைநகரங்கள் பல சண்டையின்றிக் கைமாறியதைச் செய்திகளில் பார்த்தபோது, 1780-இன் கில்லேதாரர்களைப் படித்தவர்களுக்கு வியப்பு ஏற்பட்டிருக்காது.

காலமும் நாடும் வேறு. ஆனால் நீதி பழையனூரில் பேசப்பட்டதுதான். நீலிக்குப் பரிந்து பேசிய எழுபதின்மர் ஏமாற்றப்பட்டவர்கள். இருந்தும் தாம் கொடுத்த பிணைக்குத் தாமே தீயில் இறங்கினர். முகம்மது அலிக்குப் பிணை நின்றவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் அல்லர். கள்ளிக்கட்டை கள்ளிக்கட்டைதான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு வட்டி வாங்கினார்கள். அவர்களுள் பலர் இங்கிலாந்தில் மாளிகைகளும் நாடாளுமன்ற இருக்கைகளும் பெற்றனர். பேரம்பாக்கம், திருப்பாச்சூர், பொன்னேரிப் பக்கத்துக் குடிகள், யாருக்கும் எந்தப் பிணையும் கொடுக்காதவர்கள், தீயில் இறங்கினார்கள்.

நவாபின் வாரிசுகளுக்கு 1867-இல் ஆற்காட்டு இளவரசர் என்னும் பட்டம் கிடைத்தது. அது இன்றும் தொடர்கிறது. பழையனூர் எழுபதின்மரின் நினைவும் ஊரில் போற்றப்படுகிறது. 1780-இல் இந்த வட்டாரத்தில் எரிந்த ஊர்களுக்கு லயனல் பிளேசின் அறிக்கையில் சில வரிகள் இருக்கின்றன. நம் மாணவர்களுக்கு நீலி கதையைச் சொல்லும்போது அந்த வரிகளையும் சேர்த்துச் சொல்லலாம்.